பதினைந்து அங்குலம்

விற்றவன் தனியாகத்தான் ஓட்டிக் காட்டினான்.
ஒல்லிப் பையன், கால் டேங்க் பெட்ரோல்,
மே மாதக் கடைசி, சைமா ஏரி பனி உடைந்து மூன்று வாரம்.
படகு மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி யோசித்தது,
தண்ணீர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.
மணிக்கு எழுபது கிலோமீட்டர் என்றான்.
கையெழுத்துப் போட்டோம்.

ஹில்லா, நீயும் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாய்.
தெரிந்ததைச் சொல்கிறேன். வரிசை கேட்காதே.

முதல் பத்து மணி நேரம் விரட்டாதே.
ஒரே வேகத்திலும் விடாதே.
ஏற்று, இறக்கு, சற்றே ஓய்வு கொடு,
இரும்போடு இரும்பு பழகட்டும்.
அர்மாஸ் நான்காம் மணியிலேயே விரட்டினான்.
இன்ஜின் மன்னித்துவிட்டது. நான் இன்னும் இல்லை.

அடைப்பான்: கட்டைவிரல் அளவுப் பித்தளை.
படகு துறையில் இறங்கிக்கொண்டிருந்தபோது
அது என் கோட்டுப் பையில் இருந்தது.
எங்கள் புத்தம்புதிய படகு
பூமலாத் துறையில் எல்லோரும் பார்க்க
வாளி வாளியாய்த் தண்ணீர் குடித்தது.
கழற்றுகிற அன்றே அதைச் சாவியோடு கட்டிவிடு.

நடுக்கோடைத் திருநாளுக்குத் தீவுக்குப் புறப்பட்டோம்.
நாங்கள் இருவர், பிள்ளைகள் மூவர், நாய்,
சவுனாவுக்கு விறகு, சாசேஜ், ஐஸ் பெட்டி,
ஒட்சோவின் தண்ணீர்ச் சறுக்குக் கட்டைகள்.
விசையை முழுக்கத் தள்ளியும் படகு எழவில்லை.
மூக்கு வானத்தில், பின்னால் ஒரு மலை அலை,
முள் நாலாயிரத்து எண்ணூறில் சண்டி மாடாய் நின்றது.
"நான் வேணும்னா இறங்கி நீந்தி வரட்டா?" என்றாள் வீரா.
ஐஸ் பெட்டியை முன்னால் தள்ளினோம்.
நாயை முன்னால் தள்ளினோம்.
வீராவும் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
பெருமூச்சு விட்டு எழுந்தது.

மெக்கானிக் யாலோ இன்ஜினைத் தொடவே இல்லை.
சுழல்விசிறியைக் கழற்றிக் கையில் பிடித்தான்.
"பதினேழு அங்குலம். இது தனியாளுக்கு.
விற்பவன் காலிப் படகை விற்பான்,
வாங்குபவன் வீட்டையே ஏற்றி ஓட்டுவான்."
பதினைந்தை மாட்டினான்.
உச்ச வேகத்தில் ஆறு கிலோமீட்டர் போனது.
அந்த ஆறை அதற்குப்பின் யாரும் தேடவில்லை.
எல்லோரும் ஏறியும் படகு எழுந்தது,
முள் ஐயாயிரத்து எழுநூறு.

பணம் கொடுக்குமுன் அத்தனை பேரையும் ஏற்றிப் பார், ஹில்லா.
நாயையும்.

ஆகஸ்ட் முடிவில் வீரா ஔலுவுக்குப் படிக்கப் போனாள்.
அடுத்த ஞாயிறு தீவுக்குப் போனோம்.
விசையில் கை வைத்ததுமே
படகு துள்ளி எழுந்துவிட்டது.
முள் ஆறாயிரம் தாண்டி, எச்சரிக்கை மணி கீச்சிட,
அர்மாஸ் கையை மெல்லப் பின்னுக்கு இழுத்தான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
முன்னிருக்கையில் நாய் இரண்டு பேர் இடத்தில் படுத்திருந்தது.

பழைய பதினேழு கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது.
"மாட்டிடலாமா? இன்ஜினுக்கும் அதுதான் நல்லது" என்றான்.
சரியான பேச்சுதான்.
வேண்டாம், கையை அடக்கி ஓட்டு என்றேன்.

மிச்சம்:
அரிமானத் தகடு கடலுக்குத் துத்தநாகம், நம் ஏரிக்கு மக்னீசியம்.
விற்பவனிடம் கேட்டு வாங்கு, அவனாகச் சொல்லமாட்டான்.
இன்ஜினை நிறுத்தும் கயிறு ஓட்டுபவரின் உடம்பில் இருக்கவேண்டும்,
கொக்கியில் அல்ல.
இருபதாம் மணியில் எண்ணெய் மாற்று.
கியர் எண்ணெய் பால்நிறமாய் வந்தால்
உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, அன்றே யாலோவைக் கூப்பிடு.

அக்டோபரில் கரையேற்றியதும்
இன்ஜினை நிமிர்த்தியே நிறுத்து.
தங்கிய நீர் உறைந்தால் உலோகம் பிளந்துவிடும்.
ராத்திரி முழுக்கச் சொட்டும்.
கீழே நான் ஒரு பழைய தட்டு வைப்பேன்,
காலையில் அதில் மெல்லிய பனித்தகடு.

சூடு கொஞ்சம் ஏறினாலும் முதலில் பம்பைப் பார்.
அதை மறந்தே போனேன்.